காஸ் மாமா வீட்டுத் தேத்தண்ணி

கண்டி முழுக்கத் தேடினாலும், வீட்டுக்கு வந்த விருந்தாளியை முதலில் கக்கூசுக்குப் பின்னால் கூட்டிப்போய் நிறுத்துகிற மனுசர் ஒருத்தர்தான் கிடைப்பார். அவர் எங்கள் சந்துக் காஸ் மாமா. என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தப் பேர் அவர் வீட்டு மின்சார பில்லில் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் சந்து கட்டுகஸ்தோட்டை ரோட்டிலிருந்து மேலே ஏறுகிறது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ் வரிசை. ஒருநாள் வெளியூரிலிருந்து சில பேர் வந்து, அதன் பின்னால் மண்ணுக்குள் பெரிய தொட்டி கட்டி, கழிவைப் புளிக்கவிட்டால் அடுப்பெரிக்கக் காஸ் வரும் என்று காட்டினார்கள். கைதட்டினோம். ஞாபகத்துக்கு ஒரு தென்னங்கன்றும் நட்டார்கள். அதை ஆடு தின்றது. அந்த ஆடு யாருடையது என்பது வேறு சண்டை. தொட்டியைப் பார்க்கிற பொறுப்பை மட்டும் மாமா எடுத்துக்கொண்டார்.

மாமாவுக்கு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. சாயங்காலம் அழுகின தக்காளி, முட்டைக்கோவா இலை எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். அவர் ஏறினால் சீட் தானாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிக் கலக்கிவிட்டு, "சாப்ட்டியா, போதுமா?" என்று கேட்பார். தொட்டியிடம்தான். மாமியிடம் அப்படிக் கேட்டதாக மாமி சொன்னதில்லை.

காஸ் குழாய் வழியாக நேரே அவர் அடுப்புக்கு வந்து நீலமாக எரியும். வாடையே இருக்காது. இருந்தும் அந்த அடுப்பில் வைத்த தேத்தண்ணியைச் சந்தில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். நான் குடிப்பேன். சும்மா கிடைப்பதில் குறை பார்ப்பதில்லை. தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரை ஊற்றி அவர் வளர்த்த போஞ்சிக்காயை மட்டும் எல்லாரும் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். காஸில்தான் எங்கள் ஆட்களுக்குக் கூச்சம்.

மகள் ஜெயந்தியைப் பெண் பார்க்க மடுல்கெல்லையிலிருந்து வந்தவர்களுக்கும் முதலில் தொட்டியைத்தான் காட்டினார். மூடியைத் திறந்தே காட்டினார். வந்த வேனிலேயே திரும்பிவிட்டார்கள். ஜெயந்தி பல நாள் அப்பாவோடு பேசவில்லை.

அப்புறம் கலஹாவிலிருந்து ஒரு சம்பந்தம். ஊரெல்லாம் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஜெயந்திக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

"இந்தா பாருங்க," என்றார் மாமி. "அவுங்க முன்னால தொட்டின்னு ஒரு வார்த்த வந்துச்சு, அதுக்குள்ளயே உங்கள தள்ளி மூடிருவேன்."

"நான் ஏன் பேசப்போறேன்?"

"சத்தியம் பண்ணுங்கப்பா," என்றாள் ஜெயந்தி. பண்ணினார்.

வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்று நானும் இருந்தேன். மாமா கதிரை நுனியில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பல்லு வலியாங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். மழையைப் பற்றிப் பேசினோம். தேத்தண்ணி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சிரிப்பு வெளியே வரமுடியாத அளவுக்கு மீசை. ஒரு மிடறு குடித்தார்.

"நல்லாருக்கு. வெறகு வாடையே இல்லையே. இந்தக் காலத்துல காஸ் எங்கங்க கெடச்சிச்சு?"

மாமி கூரையைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு தவிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஜெயந்தியும் அதைப் பார்த்துவிட்டாள்.

"எங்க அப்பா செய்றாருங்க," என்றாள் கதவோரத்திலிருந்து. "பின்னால தொட்டி இருக்கு. சந்துக் கக்கூஸ்ல இருந்துதான் வருது."

கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசையில் இறங்கின. மாப்பிள்ளையின் அம்மா சேலை நுனியால் வாயைத் துடைத்தார். கணக்கப்பிள்ளை எழுந்தார்.

"கக்கூஸ் எந்தப் பக்கம்?"

மாமா கதிரையை விட்டு எழும்பவில்லை. நான்தான் வழி காட்டினேன். போனவர் வர நேரமானது. அப்படியே பஸ் ஏறிவிட்டார் என்றே நினைத்தோம். ஜெயந்தி தரையைப் பார்த்தபடி நின்றாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து மிச்சத்தையும் குடித்தார்.

"எங்க பங்கும் போட்டாச்சு, சம்பந்தி," என்றார். "இப்ப அந்தத் தொட்டியக் காட்டுங்க."

மாமா எழுந்த வேகத்தில் கதிரை சாய்ந்தது.

ஜெயந்தி இப்போது கலஹாவில். சிலிண்டர் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஆனாலும் சாயங்காலத் தேத்தண்ணிக்கு மாமா வீட்டுக்குத்தான் போகிறேன். இன்றைக்கும் முதலில் தொட்டியைத்தான் காட்டுகிறார். நானும் இதுவரை பார்க்காதவன் மாதிரி எட்டிப் பார்க்கிறேன்.