ஒரே மாதிரி போதும்

"ரெண்டும் ஒரே கலர்தான் சார். ஆனா நல்லாப் பாருங்க, சுவரு தூங்குது, கதவு முழிச்சிக்கிட்டு இருக்கு" என்றார் பெயிண்டர்.

அரைக்காது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். உண்மைதான். இரண்டும் வெளிர்பச்சை. ஆனால் சுவர் மங்கல், கதவு பளபள.

அரைக்காது என்பது குடும்பத்தார் அவருக்கு ஆசையாக வைத்த பெயர். மனைவி நாலு வார்த்தை சொன்னால் இரண்டைத்தான் காதில் வாங்குவார். மீதி இரண்டை அவரே சொந்தமாகப் போட்டு நிரப்பிக்கொள்வார். தலையணை உறை வாங்கப் போய்த் தலையணைகளைச் சுமந்துகொண்டு வந்தவர்.

மனைவி தமிழாசிரியை. அந்த வீட்டில் சுவிட்ச் என்று சொன்னால் விளக்கு எரியாது, சொடுக்கி என்றால்தான் எரியும். விடைத்தாள் திருத்த வெளியூர் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்:

"கூடத்துக்கு வெளிர்பச்சை பாக்கலாம். பல மாதிரி வேண்டாம், ஒரே மாதிரி போதும். நான் வந்து பாக்கறேன். காதுல விழுந்துச்சா?"

இந்தத் தடவை ஓர் எழுத்து விடாமல் விழுந்திருந்தது. மணவாழ்க்கையில் ஒரு முறையாவது மனைவி வாயால் 'நன்று' வாங்கிவிட வேண்டும், அந்தப் பட்டப்பெயரை அத்தோடு தலைமுழுக வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டுவிட்டார்.

"இப்ப என்ன பண்றது?"

"கதவை மங்கலாக்கணும். இல்ல, சுவரைப் பளபளன்னு ஆக்கணும்."

"வீட்டுல ஒரே மாதிரின்னு உத்தரவு. பளபளன்னே ஆக்கிடுங்க."

ஆக்கினார்கள். மறுநாள் அந்தப் பளபளப்பில் பழுப்பு சோபா சுவருக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டாகத் தெரிந்தது. சுவருக்குள் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அரைக்காது, "யாருங்க நீங்க?" என்றே கேட்டுவிட்டார். பதில் வராத பிறகுதான் முகம் பழகிய முகமாகப் பட்டது.

"சோபாவுக்குப் பச்சை உறை போட்டுட்டா உறுத்தாது சார்."

போட்டார். உடனே திரைச்சீலை துருத்திக்கொண்டு நின்றது. அதை மாற்றினால் மின்விசிறி முறைத்தது. மின்விசிறிக்குப் பச்சை அடித்தால் செருப்பு அலமாரி கோபித்துக்கொண்டது.

துணிக்கடைக்காரர் கெஞ்சியே பார்த்தார். "அண்ணே, எல்லாமே பச்சைன்னா கண்ணு என்னத்துக்கு ஆகும்? குஷன் மட்டுமாவது மஞ்சள்ல எடுங்கண்ணே."

"வேணாம் தம்பி. நான் கல்யாணம் ஆனவன். ஒரே மாதிரி குடு."

இடையில் மனைவி போனில் அழைத்தார். "ஆச்சா?"

"ஆச்சு! நீ சொன்னபடியே, ஒரே மாதிரி!"

"நல்லது. வந்து முடிவு சொல்றேன்."

நல்லது! 'நன்று'வுக்கு ஒன்றுவிட்ட தம்பி அல்லவா! அரைக்காதுக்குத் தலைகால் புரியவில்லை. சுவர்க் கடிகாரம், சொடுக்கிகள், கூரை, கதவின் கைப்பிடி என்று ஒன்றையும் விடவில்லை.

ஏணி கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் ஏணியோடு கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"சார், வெளிய போற கதவு எங்க?"

"தட்டிக்கிட்டே போங்க. டொக்குன்னு கேட்டா அதான் கதவு."

மனைவி வரும் நாளன்று அரைக்காது பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். கடைசி மூலையைத் தொட்டு முடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் பதறினார். "சார், ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. இல்லேன்னா உங்க மேலயும் ஒரு கோட் ஏத்திடுவேன்."

மனைவி வந்தார், கூடவே அவர் தங்கையும். இரண்டடி உள்ளே வைத்தவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று கதவைத் தேடினார். கிடைக்கவில்லை.

"என்னங்க... வீடே ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு மாதிரி இல்லம்மா, ஒரே மாதிரி!" என்றது சோபா. பிறகு அதிலிருந்து அரைக்காது எழுந்து வந்தார்.

திட்டுவதற்காக வாயைத் திறந்த மனைவி அவர் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் பச்சை. புருவத்தில்கூட ஒரு தீற்றல். வாய் தானாக மூடிக்கொண்டது.

"நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க, பாப்போம்."

அரைக்காது கைகட்டி நின்று ஒப்பித்தார். "பல மாதிரி வேண்டாம், ஒரே மாதிரி போதும்."

மனைவி நெடுநேரம் கூரையைப் பார்த்தார், அல்லது கூரை என்று தான் நினைத்த இடத்தை.

"ஓர் எழுத்துகூடத் தப்பில்ல" என்றார் தீனமாக. "நன்று."

வாங்கிவிட்டார்! அரைக்காதின் கண்கள் கலங்கின. பக்கத்தில் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு, விலா நோகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ மாமா! ஒரு மூலையில அடிச்சுக் காட்டுற சாம்பிளைத்தான் அக்கா தமிழ்ல 'மாதிரி'ன்னு சொல்லுவா!"