பெர்ரி இல்லாத கேப்ஸ்யூலுக்கு ஒரு ரிப்போர்ட்

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அக்கா நலமா என்று தங்களைக் கேட்டுப் பயனில்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் கம்பெனியின் பெர்ரி கேப்ஸ்யூலை என்னிடம் தந்து, "நீ வேலை பாக்கற லேப்தானே மச்சான், நல்லதா நாலு வரி எழுதிக் குடு" என்றீர்கள். முதலில் நிறச் சோதனை செய்தேன். ஊதாக் கரைசலில் தங்கள் சரக்கை விட்டதும் ஊதா பறந்துவிட்டது. ஆன்டிஆக்சிடன்ட் ஏராளம் என்று அர்த்தம். அத்தானைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று என்னையே நொந்துகொண்டேன். ஆனால் அந்தச் சோதனைக்கு மொத்தக் கணக்குதான் தெரியும், உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. பிரித்துக் காட்டும் கருவியில் ஏற்றினால் பெர்ரியின் நிறப்பொருள் ஒவ்வொன்றும் காகிதத்தில் தனித்தனிக் கூம்பாக எழ வேண்டும். ஒன்றுகூட எழவில்லை. கருவிதான் மக்கர் பண்ணுகிறது என்று கழுவினேன், குழாயை மாற்றினேன், மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், கடைசியில் கடையில் பெர்ரி வாங்கி அரைத்து ஏற்றினேன். பதினைந்து கூம்புகள் வரிசையாக எழுந்து நின்றன. தங்கள் கேப்ஸ்யூலில் இருந்தது வைட்டமின் சியும் சாயமும்தான். பெர்ரியின் நிறம் அமிலத்தில் சிவக்கும், அமிலம் குறைந்தால் வெளுக்கும். தங்கள் நிறம் எதற்கும் அசையவில்லை. அப்படியொரு வெட்கம் கெட்ட சிவப்பை நான் பார்த்ததே இல்லை.

அதுகூடப் போகட்டும். மூன்று மாதம் முன்பு என் கண்ணெதிரே அக்காவின் ரத்த அழுத்த மாத்திரையைக் குப்பையில் போட்டீர்களே, "எல்லாம் கெமிக்கல், நம்ம கேப்ஸ்யூல் இருக்கறப்ப இது எதுக்கு?" என்று! அவளும் தலையாட்டினாள். இப்போது போன் பேசும்போதெல்லாம் தலைவலி என்கிறாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். ஆகவே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன். மேனேஜர் சொன்னாலும் மாட்டேன், வேலையே போனாலும் மாட்டேன். இன்றைக்கே அவளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்களுக்கு நல்ல புத்தி வர வேண்டிக்கொள்ளும்,
மரியாதை இன்னும் மிச்சமிருக்கும் மைத்துனன்.

பி.கு.: கவரை ஒட்டப் போன நேரத்தில் அக்காவே லேபுக்கு வந்துவிட்டாள். கடிதத்தை முழுக்கப் படித்தாள். "மாத்திரையை நான் எங்கடா நிறுத்தினேன்? தையல் மிஷின் டிராயர்ல ஒளிச்சு வெச்சுத் தினம் முழுங்கிட்டுதான் இருக்கேன். தலைவலி உங்க அத்தான் பேச்சால வருது. நீ கையெழுத்தப் போடு, வீடு கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பொய் ஒன்றும் எழுதவில்லை; இரண்டாவது சோதனையை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். எனவே தாங்கள் ரிப்போர்ட்டைப் படிப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் படிக்கப் போவதில்லை. கேப்ஸ்யூல் வாங்குகிற மற்ற வீடுகளில் யாராவது மாத்திரையை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.