கூண்டுக்குள் இருபத்திரண்டு நிமிடம்

நாய் பழக்கும் ஜெயபாரதிக்கு நான் ஆறாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. கைமாற்றாக வாங்கியதல்ல, செய்த வேலைக்குக் கொடுக்காமல் வைத்திருந்த கூலி. ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு முன் நான் எந்த இனம் என்று சொல்லிவிடுகிறேன்.

‘எனக்கேவா?’ என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. டாக்டரிடம் போய் நோயின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் தானே சொல்லிவிட்டு ஃபீஸ் எதற்கு என்று கேட்பவர், பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து தன் காலால் பிரேக் போடுகிறவர், கல்யாணச் சமையல்காரரிடம் கரண்டியைப் பிடுங்கி உப்புப் பார்க்கிறவர். இரும்புக்கு எடை போட்டுக் காசு கொடுப்பார். பனியன் துணிக்குக் கிலோ கணக்கில் கொடுப்பார். புத்திக்கு மட்டும் கொடுக்க மாட்டார். அதுதான் அவரிடமே இருக்கிறதே!

இந்த இனத்தில் நான் சாதாரண உருப்படி அல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் தொடங்கி, இன்று நல்லூரில் நாற்பது தையல் மெஷின் போட்ட பனியன் கம்பெனிக்கு முதலாளி. இதைக் கல்யாணத்தில் சொல்வேன், கருமாதியில் சொல்வேன், பேங்கில் டோக்கன் வாங்கி நிற்கிறவரிடமும் சொல்வேன். உங்களிடமும் சொல்லியாயிற்று. என் கம்பெனி வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருக்கிறது: ‘பிரித்துத் தைக்க இரட்டைக் கூலி.’ அடுத்தவன் கோணலாகத் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்வது புதிதாகத் தைப்பதைவிடக் கஷ்டம். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

என் நாயின் பெயர் ஓவர்லாக். துணியின் ஓரத்தை வெட்டித் தைக்கிற மெஷினுக்கு அந்தப் பெயர்; எதைக் கண்டாலும் ஓரத்தைக் கடிக்கும் என்பதால் டெய்லர்கள் இதற்கும் வைத்துவிட்டார்கள். ஆறு வருடம் கம்பெனியில் நாற்பது பேர் மத்தியில் வளர்ந்தது. இந்த வருடம் எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையருக்காக ஆடிட் செய்ய வந்தவர், உற்பத்தி நடக்கும் இடத்தில் பிராணி இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நாய் வீட்டுக்கு வந்தது. நானும் என் மனைவி மயிலாத்தாளும் காலையில் பூட்டிவிட்டுக் கம்பெனிக்குப் போனால், அது தனியாக உட்கார்ந்து ஊளையிட்டது. சோபாவின் நான்கு ஓரத்தையும் தின்றது. பக்கத்து வீட்டு ஞானசம்பந்தம் அந்த ஊளையை போனில் பதிவு செய்து எனக்கே போட்டுக் காட்டினார்.

“ஊத்துக்குளியில என் தம்பி மாட்டுச்சாலையில கட்டிப் போடறேங்கறான்,” என்றாள் மயிலாத்தாள். “சங்கிலியில கட்டுனா இது சோறு திங்காதுங்க. செத்துப் போயிரும்.”

அப்படித்தான் ஜெயபாரதியை வரவழைத்தாள். ஆளில்லாத நேரத்தில் நாய் நிம்மதியாகப் படுத்திருக்க ஒரு கூண்டு பழக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். கூண்டு வாங்குவதா? எனக்கேவா? அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் செய்பவரிடம் நானே வரைந்து கொடுத்து எவர்சில்வரில் செய்துவந்தேன். கதவு தானாக மூடும். தாழ்ப்பாள் தானாக விழும். வெளியிலிருந்து மட்டும் திறக்கும்.

“வயசான நாய்ங்க ஐயா. மொதல்ல கூண்டு அதுக்குச் சொந்த ஊடாகோணும். அப்புறந்தான் கதவு.”

“எத்தன நாளாகும் அம்மிணி?”

“அத ஓவர்லாக்தானுங்க சொல்லோணும்.”

நாய் டெலிவரி தேதி சொல்லுமாம்!

பதினைந்து நாள் கதவைத் திறந்தே வைத்துக் கறித்துண்டு போட்டாள், பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள், போனாள், வந்தாள். முடிவில் நாய் கதவு மூடிய கூண்டுக்குள் பத்து நிமிடம் படுத்தது. நான் காஸ்டிங் போட்டேன். பத்து நிமிடத்துக்கு ஆறாயிரம். நிமிடம் அறுநூறு!

“கை வெக்காத பனியனுக்கு நான் கூலி தர்றதில்ல அம்மிணி. மிச்சத்த நானே பாத்துக்கறேன்.”

கூலி கேட்டு இரண்டு முறை கம்பெனிக்கு வந்தாள். அந்தப் பலகைக்குக் கீழேயே நிற்க வைத்துவிட்டு, உள்ளே நான் பிஸியாக இருந்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நாயை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். எட்டு மணி நேர ஷிப்டு. டெய்லர்கள் பார்க்கவில்லையா? மாலை வந்து பார்த்தால் ஈறெல்லாம் ரத்தம், ஒரு நகம் பிய்ந்து தொங்குகிறது, தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. திறந்ததும் வெளியே வந்த நாய் என்னைத் தாண்டிப் போய் மயிலாத்தாள் காலடியில் ஒண்டியது. அவள் தம்பிக்குப் போன் போட்டு, “ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போயிரு,” என்றாள்.

அதற்குப் பிறகு நாய் கூண்டு இருக்கும் அறைப் பக்கமே வரவில்லை. சனிக்கிழமை மயிலாத்தாள் சந்தைக்குப் போயிருந்தபோது அதை இழுத்துவந்து, உள்ளே எவ்வளவு சுகம் என்று காட்டுவதற்காக பிஸ்கட்டும் கையுமாக நானே தவழ்ந்து நுழைந்தேன்.

“பாரு கண்ணு, ராசா மாதிரி...”

டக்.

என் தாழ்ப்பாள் அருமையாக வேலை செய்தது. போன் டிவி மேல் இருந்தது. கம்பி வழியாக வெளியே விழுந்த பிஸ்கட்டை நாய் தின்றுவிட்டு, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. ஐந்தாவது நிமிடம் முழங்கால் மரத்தது. பத்தாவது நிமிடம் மூச்சு முட்டியது. பதினைந்தாவது நிமிடம் வெட்கத்தை விட்டுக் கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஞானசம்பந்தத்தின் குரல் வந்தது.

“ஏனுங்க, அந்த நாயி இன்னும் ஊத்துக்குளிக்குப் போவலீங்களா?”

அப்போது கூலி கேட்டு மூன்றாம் முறையாக வந்தாள் ஜெயபாரதி. திறந்திருந்த வாசல் வழியாகப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து கூண்டருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“எவ்வளவு நேரமாச்சுங்க ஐயா?”

“இருவத்திரண்டு நிமிசம்.”

“எப்படி இருக்குதுங்க உள்ள?”

சௌகரியம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “தொறந்து வுடு சாமி,” என்று வந்தது.

திறந்தாள். “அது எட்டு மணி நேரம் இருந்துதுங்க.” அவ்வளவுதான் சொன்னாள்.

நான் பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். “மறுபடி பழக்க முடியுமா அம்மிணி? நாளைக்கு மச்சான் வந்துருவான்.”

“முடியுங்க. ஆனா நீங்க கைய வெக்கக் கூடாது.”

மச்சானை வர வேண்டாம் என்று நானே போன் செய்தேன். முதல் வேலையாக அவள் கதவைக் கழற்றி எடுத்தாள். கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை கொண்டுவரச் சொல்லி உள்ளே பரப்பினாள். ஆறு வருட வாசனையல்லவா! எட்டாம் நாள் நாய் தானாகப் போய் மூக்கை மட்டும் நுழைத்தது. கதவு திரும்ப ஏற ஒரு மாதம். இரண்டு மாதம் கழித்து, நாங்கள் பூட்டிவிட்டுப் போனபின் நான்கு மணி நேரம் அது உள்ளே தூங்குகிறது. மதியம் மயிலாத்தாள் வந்து திறந்துவிடுகிறாள். இந்த இரண்டு மாதமும் எனக்கு ஒரே வேலை: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயை மூடியிருப்பது. நாற்பது மெஷின் ஓட்டுவது இதைவிடச் சுலபம்.

நிற்க. படித்துக்கொண்டே வந்தபோது, ‘தாழ்ப்பாளை உள்பக்கமும் திறக்கிற மாதிரி வைத்திருந்தால் தீர்ந்தது, இதுகூடத் தெரியாதா இந்த மனுஷனுக்கு’ என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியதல்லவா? கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன், பக்கத்தில் வாருங்கள். நாம் சொந்தக்காரர்கள்.

கடைசி நாள் ஜெயபாரதி கையை நீட்டினாள். ஆறாயிரத்தை எண்ணி வைத்தேன். கை மூடவில்லை.

“இது தெச்சதுக்குங்க ஐயா,” என்றாள். “பிரிச்சுத் தெச்சதுக்கு?”

மயிலாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கூண்டுக்குள்ளிருந்து ஓவர்லாக் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. நான் விரலில் எச்சில் தொட்டு, ஐந்நூறு ஐந்நூறாக, இன்னும் இருபத்துநான்கு நோட்டை அந்தக் கையில் எண்ணி வைத்தேன்.