வெட்கமாயில்லையா அம்மாள்

நிகழ்ச்சி முடிந்து வெகு நேரமாகியும் அந்த அம்மாளிடமிருந்து போன் வரவில்லை.

வசனகர்த்தா டெலிபோன் அறைக்குள் வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆபரேட்டர் அக்கா ஸ்வெட்டர் பின்னுவதை நிறுத்தவில்லை. லைன் சரியாக இருக்கிறதா என்று வசனகர்த்தா கேட்டார். இருக்கிறது, இப்போதுதான் யாரோ கூப்பிட்டு நிகழ்ச்சி பிரமாதம் என்று சொன்னார்கள் என்றார் அக்கா.

வசனகர்த்தாவின் முகம் சுண்டிப் போயிற்று. பாராட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது திட்டு.

டெலிவிஷனில் சனிக்கிழமைதோறும் 'வாய்க்கொழுப்பு' வந்துகொண்டிருந்த காலம் அது. வரிசையாகக் குட்டி குட்டி நாடகங்கள். மந்திரி, டாக்டர், நீதிபதி என்று யாரையும் விட்டுவைக்க மாட்டார்கள். எல்லாமே நேரடி ஒளிபரப்பு என்பதால், வாயை விட்ட பிறகு வெட்டி எடுக்கவும் வழி கிடையாது. ஒரு இன்ஸ்பெக்டரின் மீசையை வம்புக்கு இழுத்தார்கள். அவர் மீசையை எடுத்துவிட்டார். மறு வாரம் மீசை எடுத்ததை வம்புக்கு இழுத்தார்கள். அவர் நீண்ட லீவில் போய்விட்டார். இத்தனையும் ஒரே மனிதரின் மூளையில் உதிக்கிறதே என்று ஊரே வசனகர்த்தாவைக் கொண்டாடியது. அவரும் மறுக்கவில்லை.

மறுத்திருக்க வேண்டியவர்தான். ஏனென்றால், ஒவ்வொரு வாரமும் நிகழ்ச்சி முடிந்த கையோடு, பெயர் சொல்லாத ஓர் அம்மாள் போன் செய்து திட்டுவார். ஆபரேட்டர் அக்கா அதை ஒரு சொல் விடாமல் கேட்டு, உணர்ச்சியே இல்லாத குரலில் வசனகர்த்தாவிடம் ஒப்பிப்பார்.

"மந்திரி மேடையில தூங்கறதைக் காட்டிட்டீங்க. இப்படியே விட்டா அவரைக் கட்டிலோட தூக்கிட்டு வந்து, எழுப்பாமலே ரிப்பன் வெட்ட வைப்பீங்க. வெட்கமாயில்லையா?"

வசனகர்த்தா அப்படியே எழுந்து போய் வாடகைக்குக் கட்டில் சொல்லிவிட்டு வந்தார். மறு வாரம் மந்திரி குறட்டை விட்டபடியே ஒரு பாலத்தைத் திறந்து வைத்தபோது ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டாக்டர் வராத ஆஸ்பத்திரியில் அவருடைய வெள்ளைக் கோட்டை மட்டும் ஆணியில் மாட்டி வைத்து, நோயாளிகள் அதனிடம் வியாதியைச் சொல்லிவிட்டுப் போனார்களே, அதுவும் அந்த அம்மாள் திட்டியதுதான். 'வெட்கமாயில்லையா அம்மாள்' என்று வசனகர்த்தா மனத்துக்குள் பெயரே வைத்திருந்தார். சனிக்கிழமை ராத்திரி முழுக்க டெலிபோன் அறையில் கிடக்கும் அக்கா அந்த நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை. அதனால் ரகசியம் பத்திரமாக இருந்தது.

அப்படிப்பட்ட அம்மாள் இன்றைக்கு மௌனம். இன்றைக்குப் பார்த்து ஒரு நாடகம் வசனகர்த்தாவின் சொந்தச் சரக்கு வேறு. பாங்க் குமாஸ்தா ஒருவன் 'சாப்பாட்டு நேரம்' என்ற போர்டைக் கையோடு எடுத்துக்கொண்டு திரிகிறான். தன் கல்யாணத்தில்கூட மாலை மாற்றும் நேரத்தில் போர்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறான். அந்தக் குமாஸ்தா அடிக்கடி காது மடலை இழுத்து விட்டுக்கொள்வான். வசனகர்த்தாவின் மைத்துனனும் பாங்கில் குமாஸ்தா. அவனும் காது மடலை இழுத்து விட்டுக்கொள்வான்.

வீட்டில் கதவைத் திறந்தது மாமியார்.

"மாப்பிள்ளை, அவ இனிமே உங்ககூடப் பேச மாட்டாளாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னா."

பின்னாலேயே நின்ற மனைவி, சாப்பாடு மேஜையில் இருப்பதையும் சொல்லும்படி மாமியாரிடம் சொன்னாள். மாமியார் அதையும் சொன்னார். பாங்கில் எல்லோரும் காதைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களே, தம்பி எந்த முகத்தோடு வேலைக்குப் போவான் என்று அவளுக்கு ஆற்றாமை. அது வெறும் தமாஷ் என்று வசனகர்த்தா சமாதானம் சொல்லிப் பார்த்தார். நகைச்சுவை என்பது லேசான காரியமில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் பிடிபடாது என்றும் சேர்த்துச் சொன்னார். சேர்த்துச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திட்டு வராததால் மறு வாரமும் சொந்தச் சரக்கையே இறக்க வேண்டியதாயிற்று. ஒரு நீதிபதி வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தார். சிரிப்பு வராததைப் பார்த்து இன்னொரு தடவை விழ வைத்தார்கள். தயாரிப்பாளர் வசனகர்த்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, சரக்குத் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். இப்படியே போனால் அந்த நேரத்தைத் தோட்டக்கலை நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். தோட்டக்கலைக்காரர் அதற்குள் ஸ்டூடியோ மூலையில் இரண்டு ரோஜாத் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அந்த அம்மாளுக்குக் கோபம் வரவழைத்தால் போன் வரும் என்று வசனகர்த்தா கணக்குப் போட்டார். குடும்பத்தைக் கேலி செய்தால் எந்த அம்மாளுக்குத்தான் பொறுக்கும்? புருஷனோடு பேசாத மனைவி, நடுவில் தூது போகும் மாமியார் என்று ஒரு நாடகம் எழுதினார். வீட்டில் நடந்ததை அப்படியே எழுதியதால் வேலையும் சுலபமாக முடிந்தது. அதோடு நில்லாமல், புகார் உள்ளவர்கள் தயங்காமல் போன் செய்யலாம் என்று நிகழ்ச்சியின் முடிவில் அறிவிப்பும் செய்ய வைத்தார்.

போன் வந்தது. ஊரிலுள்ள எல்லோரும் செய்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, மருமகன் வேலைக்குப் போகவில்லை என்று புகார் குவிந்தது. டெலிவிஷன் நிலைய டைரக்டரே தன் வீட்டிலிருந்து கூப்பிட்டு லைன் கிடைக்காமல், இரவு உடையில் நேரே வந்துவிட்டார். அடுத்த வாரம்தான் 'வாய்க்கொழுப்பு'க்குக் கடைசி வாரம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆபரேட்டர் அக்கா ஸ்வெட்டரைக் கீழே வைத்துவிட்டார். அவர் அதைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

"எல்லாரும் பேசிட்டாங்க சார். உங்களைத் திட்டற அந்த அம்மா மட்டும் வரல."

தாமதமாகும் என்று சொல்ல வசனகர்த்தா வீட்டுக்கு போன் செய்தார். மனைவி எடுத்தாள், குரலைக் கேட்டதும் ரிசீவரை மாமியாரிடம் கொடுத்தாள். அன்றைய நாடகத்தில் தன்னைப் பார்த்துவிட்ட மாமியார் ஒன்றும் பேசாமல் ரிசீவரை வைத்துவிட்டார். வீட்டில் இருந்த ஒரே தூதும் போயிற்று. அந்த வாரம் முழுக்க வசனகர்த்தா தனக்குத் தானே பேசிக்கொண்டு சாப்பிட்டார். வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, ராத்திரி விளக்கணைத்த பிறகு மனைவி வளவளவென்று பேசாத வீடு அவருக்குப் பிடிக்கவே இல்லை.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. மூலையில் ரோஜாத் தொட்டிகள் இரண்டு வரிசையாகப் பெருகியிருந்தன. நடிகர்கள் பழைய நாடகங்களை உப்புச் சப்பில்லாமல் நடித்து முடித்தார்கள். அறிவிப்பாளர் வணக்கம் சொல்ல வாயெடுத்தபோது வசனகர்த்தா கேமராவுக்கு முன்னால் போய் நின்றார். தயாரிப்பாளர் கண்ட்ரோல் அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையை ஆட்டினார். வசனகர்த்தா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"வாராவாரம் போன் பண்ணித் திட்டுவீங்களே, அந்த அம்மாவுக்குச் சொல்றேன். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. உங்க மனசு நோகற மாதிரி ஏதோ பண்ணிட்டேன். வாயை அடக்கியிருக்கணும். நான் வாங்கின பேரெல்லாம் உங்க வாயிலிருந்து வந்ததுதான், அதை இத்தனை நாள் நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க பேசாம இருந்தா எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது. மன்னிச்சிடுங்க. திட்டவாவது செய்யுங்க."

ஸ்டூடியோவில் யாரும் அசையவில்லை. தயாரிப்பாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தோட்டக்கலைக்காரர் மட்டும் மெதுவாக ஒரு தொட்டியை நடுவுக்கு நகர்த்தினார்.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கும்போது ஆபரேட்டர் அக்கா ஸ்வெட்டரும் ஊசியுமாக வந்து நின்றார்.

"வந்துடுச்சு சார்."

எல்லோரும் திரும்பினார்கள். அக்கா வழக்கமான குரலில் ஒப்பித்தார்.

"மன்னிப்புக் கேக்கற மூஞ்சியைப் பாரு. இப்படியே விட்டா, ஊரிலிருக்கிற பெரிய மனுஷங்க மன்னிப்புக் கேக்கறதுக்குன்னே ஒரு ஆபீஸ் திறப்பீங்க. மந்திரியும் டாக்டரும் வரிசையில நிப்பாங்க. அவங்க முறை வரும்போது 'சாப்பாட்டு நேரம்'னு போர்டு மாட்டிடுவீங்க. வெட்கமாயில்லையா?"

தயாரிப்பாளர்தான் முதலில் சிரித்தார். பிறகு நடிகர்கள், கேமராக்காரர் என்று ஸ்டூடியோவே சிரித்தது. அடுத்த வாரமும் 'வாய்க்கொழுப்பு' உண்டு, டைரக்டரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்ற தயாரிப்பாளர், தோட்டக்கலைக்காரரிடம் தொட்டிகளை எடுத்துவிடும்படி சொன்னார். வசனகர்த்தாவுக்கு அப்போதே மந்திரிக்கு என்ன வசனம் என்பது ஓட ஆரம்பித்துவிட்டது. வேறு ஏதாவது சொன்னார்களா என்று ஆசையோடு கேட்டார்.

அக்கா ஒரு கண்ணி பின்னிவிட்டுச் சொன்னார்.

"சொன்னாங்க சார், எனக்குத்தான் ஒண்ணும் விளங்கல. இதே மன்னிப்பை அவங்க தம்பிகிட்டயும் போய்க் கேட்டுட்டு, அப்புறமா வீட்டுக்கு வந்தாப் போதுமாம்."