புல்வெட்டி ரோபோவுக்கு நான் வைத்த பொட்டு

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நியாயம் யார் பக்கம் என்று பார்த்துவிட்டுக் கோபப்படுகிற பொறுமை எனக்குக் கிடையாது. முதலில் கோபம். பிறகு, நேரம் கிடைத்தால் நியாயம். இந்தக் குணத்தோடு ஜெர்மனியில் தோட்டவேலைக் கம்பெனி நடத்துவது எவ்வளவு சிரமம் என்று என் கணவர் குகனைக் கேட்டால் ஒரு மணித்தியாலம் சொல்வார். (தயவுசெய்து கேட்காதீர்கள்.)

நான் தோட்டமும் நிலமும் சீரமைக்கும் வேலையில் மூன்று வருட அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, முடித்தவள். நிலம் மட்டம் பார்ப்பது, கல் பதிப்பது, புல் விரிப்பது என்று எல்லாவற்றையும் பயிற்சியில் படித்துப் பரீட்சை எழுதிப் பாஸானவள். கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் ஒரு முதலாளியிடம் எட்டு வருடம் வேலை செய்தேன். புது மெஷின் எது வந்தாலும் அந்த மனுசன் ஆம்பிளைகளின் கையில் கொடுப்பார். மட்டம் காட்டும் லேசர் வந்தது, அவர்களுக்கு. மோட்டார் வைத்த தள்ளுவண்டி வந்தது, அதுவும் அவர்களுக்கு. எனக்கு மண்வெட்டி. எட்டாவது வருடம் ஒரு நாள் பொறுக்க முடியாமல் வேலையை விட்டேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். "கதவு திறந்தே இருக்கும், இலை கொட்டுவதற்குள் நீங்கள் திரும்பி வருவீர்கள்" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வசந்தகாலத்திலேயே ஒரு வாய்ப்பு வந்தது. மூன்று மாடிக் குடியிருப்புகள், நடுவில் பட்டு விரித்த மாதிரி ஒரு புல்வெளி. அதைப் பராமரிக்க ஆள் தேடினார்கள். நிர்வாகி திருமதி கெல்லர் ஒரேயொரு நிபந்தனை போட்டார்: சத்தம் வரக்கூடாது. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், புல்வெட்டும் சத்தத்துக்கு எதிராகக் கடிதம் எழுதுவதுதான் அவர்களின் பொழுதுபோக்கு. "செவ்வாய் பத்து மணிக்கு தெர்மின். வந்து செய்து காட்டுங்கள்" என்று நேரம் குறித்தார். இது கிடைத்தால் என் கம்பெனி நிமிரும். கிடைக்காவிட்டால் அந்தத் திறந்த கதவும் அந்தச் சிரிப்பும்தான்.

ஆகவே புல்வெட்டும் ரோபோ ஒன்று வாங்கினேன். புத்தம்புது ரகம். எல்லைக்குக் கம்பி புதைக்கத் தேவையில்லை. செயற்கைக்கோளைக் கேட்டு எல்லையைத் தெரிந்துகொள்ளும். எதிரே எது நின்றாலும் தானே கண்டு விலகிப்போகும். பூனை நடப்பது போலத்தான் சத்தம்.

புது வாகனத்தைச் சும்மா ஓட்ட நாங்கள் என்ன அநாதைகளா? கோயிலுக்குக் கொண்டுபோக நேரமில்லை. செவ்வாய் காலை ஏழு மணிக்கு எங்கள் கராஜில் நானே ஐயரானேன். கற்பூரம் காட்டினேன். தேங்காய் உடைத்தேன். முன்சில்லு இரண்டுக்கும் முன்னால் தேசிக்காய் (எலுமிச்சைதான்) வைத்து, கடவுளே என்று பொத்தானை அழுத்தினேன்.

ரோபோ தேசிக்காயைப் பார்த்தது. நின்றது. இரண்டடி பின்னுக்குப் போய், தேசிக்காய்களை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. திரும்பவும் வைத்தேன். திரும்பவும் அதே மரியாதை.

"இஞ்சரும், அது பாதுகாப்பு மெஷினப்பா. தேசிக்காயைக் குழந்தைப்பிள்ளை எண்டு நினைக்குதுபோல" என்றார் குகன்.

"நீங்கள் சும்மா நில்லுங்கோ. தேசிக்காய் நசியாமல் நான் இதை வெளியில எடுக்கமாட்டன்."

தூக்கித் தேசிக்காய்க்கு மேல் வைத்தேன். அவ்வளவுதான், திருடர் தூக்குகிறார்கள் என்று அது போட்ட கூச்சலில் தெருவின் ஜன்னல்களெல்லாம் திறந்தன. ரகசிய எண்ணை அடித்து அதன் வாயை அடைப்பதற்குள் எனக்கு வியர்த்து ஒழுகியது. ஆனால் தேசிக்காய் நசிந்துவிட்டது. நான் விடுவேனா!

கடைசியாகப் பொட்டு. மெஷினின் முன்பக்கத்தில் சரியாக நடுவில் வட்டமாக ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. நெற்றி என்றால் அதுதான் நெற்றி. வேறு யாரும் அந்த இடத்தைப் பார்த்து வேறுவிதமாக நினைத்திருப்பார்களா, நீங்களே சொல்லுங்கள். சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பினேன். நடுவில் குங்குமம்.

"உது கண்ணாடி மாதிரிக் கிடக்கு. அதிலையோ வைக்கிறீர்?" என்றார் குகன்.

"பின்னை, முதுகிலையோ வைக்கிறது?"

(இவ்வளவு நேரமும் அது தேசிக்காயை எதனால் பார்த்தது என்ற யோசனை எனக்கு வரவேயில்லை. மூன்று வருட அவுஸ்பில்டுங்.)

பத்து மணிக்குப் புல்வெளி ஓரத்தில் முதியவர்கள் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திருமதி கெல்லர் குறிப்புப் புத்தகத்தோடு நின்றார். நான் ஒரு சிறு பேச்சே பேசினேன். சத்தமில்லை, புகையில்லை, மனிதத் தவறுக்கு இடமேயில்லை என்றேன். பிறகு கைபேசியில் தட்டினேன்.

ரோபோ ஓரடி முன்னால் போனது. நின்றது. இடப்பக்கம் திரும்பியது. நின்றது. இன்னும் கொஞ்சம் திரும்பியது. பாவம், அது எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே ஒரு சிவப்புத் தடை நிற்கிறது. விலகிப்போகச் சொல்லித்தானே அதற்குப் படிப்பித்திருக்கிறார்கள்! விலகியது. விலகியது. நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விலகியது.

"இது என்ன செய்கிறது?" என்றார் திருமதி கெல்லர்.

அந்த நேரமே மேலே இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஆனால் தெரியாது என்று சொல்ல என் வாய் வராது. "மெஷின் நிலத்தைப் படிக்கிறது" என்றேன், பரீட்சை பாஸான முகத்தோடு.

கால் மணித்தியாலம் படித்தது. புல்லைப் படித்து முடித்து, வேரைப் படித்து, மண்ணைப் படிக்கத் தொடங்கியது. ஒரு முதியவர் கைதட்டினார். "இன்னும் எவ்வளவு படிக்கும்?" என்று திருமதி கெல்லர் கேட்டபோதுதான் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன். பச்சைப்பசேல் புல்வெளியின் நட்டநடுவில், சாப்பாட்டு மேசை அளவில், வட்டமாக ஒரு மண் பொட்டு.

அப்போது எனக்கு வந்த கோபம்! மெஷின் செய்த கம்பெனிக்கு அங்கேயே போன் போட்டேன், எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில். பழுதான மெஷினை என் தலையில் கட்டியிருக்கிறீர்கள், பொம்பிளையின் கம்பெனி என்றால் இளக்காரமா, புது மெஷின் வேண்டும், எழுத்தில் மன்னிப்பு வேண்டும் என்று ஒரு பிடி பிடித்தேன். தற்செயலாகத் திருத்துநர் ஒருவர் அடுத்த தெருவில் நின்றிருக்கிறார், பத்து நிமிடத்தில் வந்தார். (இத்தனை வருடத்தில் ஜெர்மனியில் ஒரு திருத்துநர் உடனே வந்தது அந்த ஒரு தடவைதான். வழக்கம்போல மூன்று கிழமை கழித்து வந்திருந்தால் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருக்கும். அந்தக் கோபமும் எனக்கு ஆறவில்லை.)

அவர் குனிந்தார். கறுப்புக் கண்ணாடியை விரலால் வழித்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"கமராவில் கறி" என்றார்.

எனக்கு உச்சியில் அடித்த மாதிரி இருந்தது. கமராவா! அந்தக் கணத்தில்தான் எல்லாம் விளங்கியது. குகன் ஏற்கெனவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடவுள் எனக்கு ஒரு வழியும் விட்டார். "இங்கே பிள்ளைகள் விளையாடுவார்கள். அவர்கள் எதையாவது பூசியிருக்கலாம்" என்றார் திருமதி கெல்லர். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், காரியம் முடிந்தது. குகன் கண்ணால் கெஞ்சினார். பேசாதையும், இண்டைக்கு மட்டும் பேசாதையும் என்று அந்தக் கண் சொன்னது.

ஆனால் அந்த மனுசன் விரலை இன்னொரு தடவை மோந்துவிட்டு, "கறிதான். மஞ்சள் கறி" என்றார்.

"கறியில்லை!" என்று கத்தினேன். "அது சந்தனம்! நல்ல சந்தனம்! நான்தான் என் கையால் வைத்தேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதுக்கே கேட்டது. திறந்த கதவும் முதலாளியின் சிரிப்பும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அழுகை வந்துவிட்டது, அதையும் கோபமாகவே வைத்துக்கொண்டேன்.

"எதற்காக வைத்தீர்கள்?" என்றார் திருமதி கெல்லர்.

"மெஷினாலே ஒருத்தருக்கும் ஒரு விபத்தும் வரக்கூடாது என்று."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆக, இது ஒரு பாதுகாப்பு நடவடிக்கை." புத்தகத்தைத் திறந்தார். "எல்லா இயந்திரங்களுக்கும் செய்வீர்களா?"

"எல்லாத்துக்கும்."

எழுதிக்கொண்டார்.

திருத்துநரின் அறிக்கையில் 'உணவுப்பொருள்' என்று இருந்தது. அந்தச் சொல்லை வெட்டாமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நின்றேன். வெட்டிவிட்டு 'அழகுசாதனப்பொருள்' என்று எழுதினார். இதற்குமேல் என்ன செய்வது! பின்னேரம் ஒருவரும் கேட்காமலே புல்சுருள் கொண்டுபோய், முழங்காலில் நின்று அந்த வட்டத்தை மூடினேன். திருமதி கெல்லர் ஜன்னலில் நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம். ஏழாவது நிபந்தனை: இயந்திரங்களின் கமரா, உணரி ஆகியவற்றின்மேல் சமயப் பூச்சுகள் பூசலாகாது, பின்பக்கத்தில் பூசுவதற்குத் தடையில்லை.

"பார்த்தீங்களோ! என்ரை சாமிக்குப் பின்பக்கத்தைக் காட்டீனம்! நான் இதிலை கையெழுத்து வைக்கமாட்டன்" என்று குதித்தேன்.

"பின்பக்கத்துக்காவது அனுமதி தந்திருக்கினம். கையெழுத்தை வையும்" என்று பேனையைத் திறந்து கையில் தந்தார் குகன். வைத்தேன். ஒவ்வொரு வருடமும் வைக்கிறேன். எங்கள் வீட்டில் யார் கைபேசி வாங்கினாலும், "கண் எங்கை எண்டு பார்த்திட்டு அம்மாட்டைக் குடுங்கோ" என்று குகன் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் சின்ன மண்கிண்டும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். இந்த முறை ஒழுங்காகக் கோயிலுக்கே கொண்டுபோனோம். ஐயர் ஊரிலிருந்து புதிதாக வந்தவர், எங்களை முன்பின் தெரியாது. சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர், இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பிள்ளை, உதிலை கமரா எங்கை பூட்டியிருக்கு?"

"ஏன் ஐயா?"

"உங்களுக்குத் தெரியாதோ? இஞ்சை ஒரு மனுசி புல்லு வெட்டுற மெஷினுக்குக் கண்ணிலை பொட்டு வச்சு, அது கண் தெரியாமல் சுத்திச் சுத்தி ஒரு கால்பந்து மைதானத்தையே உழுது போட்டுதாம்."

குகன் இருமினார். என் கையை இறுக்கிப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உண்மையாகவே நின்றேன்.

"முழு மைதானத்தையுமாம்" என்றார் ஐயர் மறுபடியும்.

"மைதானமில்லை ஐயா!" என்றேன். "சாப்பாட்டு மேசையளவு! அதையும் அண்டைக்கே மூடிப் போட்டன்!"

ஐயர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் பெயரைக் கேட்டார். இப்போது அவர் அந்தக் கதையை என் பெயரோடு சொல்கிறார். மைதானத்தை மட்டும் இன்னும் மாற்றவில்லை.