தரமாட்டேன் அண்ணனும் மலைச்சுனைக் கெண்டைகளும்

கடையைத் திறந்து வைத்துக்கொண்டே வியாபாரம் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் வித்தை, இந்தத் தாம்பரத்தில் ஒருவருக்குத்தான் கைவந்திருந்தது. வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த அவருக்கு எங்கள் தெருவில் ‘தரமாட்டேன் அண்ணன்’ என்றே பெயர்.

சிறுசேரியில் வேலை பார்க்கும் இளம் ஜோடி ஒன்று வந்து, தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் மீனைக் காட்டி விலை கேட்டது. அண்ணன் விலை சொல்லவில்லை.

"சொந்த வூடா, வாடகையா?"

"வாடகைதாண்ணா."

"வூடு மாத்தும்போது மீன இன்னா பண்ணுவ?"

"மலைக்கோயில் சுனையில விட்டுடுவோம். புண்ணியம்தானே?" என்றாள் அந்தப் பெண்.

போச்சு! அண்ணன் எழுந்து ஷட்டரைச் சடாரென்று இழுத்துவிட்டார். ஜோடி உள்ளேயே மாட்டிக்கொண்டது வேறு விஷயம்.

கோபத்தில் நியாயம் இருந்தது. வீடு காலி செய்யும்போது வளர்ப்பு மீனைச் சுனையில் விட்டுக் கும்பிடுவது எங்கள் பேட்டையில் வழக்கமாகிவிட்டிருந்தது. அங்கே போன பாசி மீன்கள் முழங்கை நீளம் வளர்ந்து, காலங்காலமாகச் சுனையில் குடியிருந்த சின்னக் கெண்டைகளின் முட்டைகளைத் தின்று தீர்த்தன. "நான் வித்த சனியன், நான்தான் சார் புடிக்கணும்" என்று ஞாயிறு தவறாமல் வலையோடு மலையேறுவார். வலை கிழிந்துதான் திரும்பும்.

கடைசியில் ஒரு கோடையில், கோயில்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, சுனையையே இறைத்துவிடத் துணிந்தார். மலைமேல் மோட்டாருக்கு எங்கே போவது? பக்கெட்டும் கையுமாகத் தெருவே ஏறியது. எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. பாசி மீன்கள் அத்தனையும் பிடிபட்டன. மிஞ்சிய கெண்டைகளோ ஒரே குடத்தில் அடங்கிவிட்டன. அண்ணன் முகம் செத்துவிட்டது.

"இவ்ளோதானா சார்? இதுவும் பூட்டா நம்ம மலைக்கு ஏது மீனு?"

மழை வரும்வரை கடைத் தொட்டிகளெல்லாம் கெண்டைகளுக்கே. வெளிச்சம் கண்ணைக் கூசுமாம், தொட்டிக்குத் தன் போர்வையைப் போர்த்தினார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"கடைன்னு போர்டு எதுக்குயா? மியூசியம்னு எழுதி மாட்டு!"

மழை பெய்து சுனை நிரம்பியதும் குடத்தைத் தானே சுமந்துபோய் விட்டுவந்தார். அப்புறம் ஆள் ஒரே பேஜாராகிவிட்டார். மீன்கள் பிழைத்தனவா, செத்தனவா? அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில் போன். "சார், ஒடனே மேல வாங்க!" என்று கத்தினார். என்னவோ ஏதோ என்று ஓடினேன். சுனையோரம் குப்புறப் படுத்திருந்தார். தண்ணீருக்குள் கூட்டங்கூட்டமாகக் கெண்டைக் குஞ்சுகள். உடம்பு கண்ணாடி மாதிரி, அதுங்களுக்குக் கண் மட்டும்தான் தெரிந்தது.

"அடேங்கப்பா!" என்றேன். சட்டென்று என் வாயைப் பொத்தினார்.

"மெதுவா சார், பயந்துக்கும்" என்று கிசுகிசுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

மூச்சிரைக்க மலையேறிப் போனவன், அந்த மனுஷனுக்காக அவர் பக்கத்திலேயே குப்புறப் படுத்து மூச்சை அடக்கிக்கொண்டேன்.