குளுக்கோஸ் கிளி

தூக்கி எறிவதற்கென்றே ஒரு பொருளைச் செய்துபாருங்கள். அதை எங்கள் ஊர்க்காரர்கள் உயிரே போனாலும் எறிய மாட்டார்கள். எண்பதுகளில் ராஜபாளையம் ஆஸ்பத்திரிகளில் குளுக்கோஸ் ஏற்றும் ரப்பர் குழாய் போய், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் குழாய் வந்தது. ரப்பர் என்றால் கொதிக்கவைத்து அடுத்தவருக்கு ஏற்றலாம். பிளாஸ்டிக்கை என்ன செய்வது? மீன் பின்னினார்கள், பொம்மை பின்னினார்கள், சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

1989 மார்கழி. (தேதி கேட்டாலும் சொல்வேன், யாரும் கேட்பதில்லை.) டைபாய்டில் படுத்திருந்த எனக்கு, பக்கத்துக் கட்டில்காரர் அந்தக் கலையைக் கற்றுத்தந்தார். எனக்கு குளுக்கோஸ் ஏறிய குழாயிலேயே ஒரு கிளி பின்னினேன். மூக்குக்குத் தங்கையின் சிவப்பு நகப்பூச்சு. கழுவவில்லை. (கழுவினால் பளபளப்பு போய்விடுமாம்!)

தை பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். பெண் செண்பகம், நர்ஸ். பஸ்ஸில் அம்மா காதைக் கடித்தாள்.

"காய்ச்சல்ல கெடந்தத மூச்சு விட்றாதலே. சீக்காளின்னு சொல்லிருவாக. ஏற்கெனவே மூணு எடம் தட்டிப்போச்சு."

நான் மூச்சு விடவில்லை. பெண் வீட்டில் கிளியைக் கொடுத்தேன். ஆண்டாள் ஊர்ப் பெண், கிளி என்றால் மயங்கிவிடுவாள் என்பது என் கணக்கு.

"சிவகாசியில வாங்குனது" என்றேன்.

கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் கிளியை வைத்தார்கள். நான் பஜ்ஜியில் பாதி தின்பதற்குள் எறும்புகள் வரிசையாக வந்தன. கேசரியை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராகக் கிளிக்குள் போயின.

செண்பகம் குனிந்து பார்த்தாள். "டிரிப் டியூப்ல்லா இது? யாருக்கு ஏறுன குளுக்கோஸு?"

"எனக்குத்தான்" என்றது என் வாய். (அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கோயில் வரை கேட்டிருக்கும்.)

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "சீக்க மறச்சா பொண்ணு கேக்க வந்தீக?"

"டைபாய்டு தீந்துரும்ப்பா" என்றாள் அவள். "ஆஸ்பத்திரிக் குப்பையக் கழுவாமக் கொண்டாந்து பரிசுன்னு நீட்டுத புத்திதான் தீராது. அத நான் பாத்துக்கிடுதேன்."

அதுதான் சம்மதம் என்று எனக்கு விளங்க, இன்னொரு காபி குடிக்க வேண்டியிருந்தது.

இன்றும் தீபாவளிக்கு நான் எடுத்துவரும் பட்டுச்சேலையை அவள் உடனே கையில் வாங்குவதில்லை. சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுவாள்.

"செத்த நேரம் கெடக்கட்டும். எறும்பு வருதான்னு பாப்போம்."